மூடி திறந்து செய்த சோதனை

கடைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் பிராசஸரைப் பற்றித்தான் பேசுவார்கள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். “அது இருக்கட்டும், போர்டு எது போடப்போறீங்க?” என்பார். இருபத்தாறு வருடமாக அதே கேள்வி. நான்கு மாடியும் கம்ப்யூட்டர் கடைகளாக இருந்த அந்தக் கட்டடத்தில் அவருக்குப் போர்டுக்காரர் என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. இரண்டாவது மாடியில், படிக்கட்டை ஒட்டி, எட்டடிக்கு ஆறடியில் ஒரு கடை. மேஜைமேல் நீல ரப்பர் விரிப்பு. அதன்மேல் எந்நேரமும் ஏதாவது ஒரு மதர்போர்டு மல்லாந்து கிடக்கும்.

“அண்ணே, நாலு ராம் போட்டுடலாம்ல? அதான் நாலு ஸ்லாட் இருக்கே” என்பார் ஒரு வாடிக்கையாளர்.

“உங்க வீட்ல நாலு நாற்காலி இருந்தா நாலுலயும் நீங்களே உக்காருவீங்களா?”

“அதில்லண்ணே, நிறைய போட்டா வேகமா ஓடும்னு…”

“நிறைய போட்டா இடம் ஜாஸ்தியாகும். வேகம் வேணும்னா ரெண்டே ரெண்டு போடுங்க. அதுவும் ஒரே பெட்டில வந்த ஜோடி. ரெண்டாவது ஸ்லாட், நாலாவது ஸ்லாட். நாலு பேரும் ஒரே நேரத்துல கத்தினா இந்தப் போர்டுக்கு யார் என்ன சொல்றாங்கன்னே புரியாது.”

எதிர்க்கடைப் பிரிண்டர் மெக்கானிக்குக் கை முழுக்க மையாக இருக்கும். வாய் மட்டும் சும்மா இருக்காது. “வீடு வாங்கறவன்கூட இத்தனை தடவை செவுத்தைத் தட்டிப் பார்க்க மாட்டான்யா” என்று அங்கிருந்தே குரல் கொடுப்பான். “ஒரு போர்டு விக்க ஒன்றரை மணி நேரம்!”

“நீ இங்க் ஊத்துற வேலையைப் பாரு.”

போர்டு விஷயத்தில் அவருக்குச் சில கட்டாயங்கள் இருந்தன. எந்தெந்த ராமை வைத்துச் சோதித்தோம் என்று போர்டு தயாரித்தவர்கள் ஒரு பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ராமைத் தொடமாட்டார். ராமை அதன்மேல் எழுதியிருக்கிற வேகத்துக்கு மேலே ஓட்டச்சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. ஓவர்கிளாக் என்பார்கள். செய்துகொடுப்பார். ஆனால் செய்த பிறகு பெட்டியின் மூடியைத் திருகி மூடி, வாடிக்கையாளர் வீட்டில் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து, இருபத்துநாலு மணி நேரம் மெமரி சோதனையை ஓட விடுவார். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்குவார். “மெமரி தப்பு பண்ணா மெஷின் நின்னுடும்னு நினைக்காதீங்க. நிக்காம தப்பு பண்ணும். அதான் ஆபத்து” என்று சொல்லித்தான் அனுப்புவார்.

இத்தனையும் தெரிந்த மனிதர் தன் வீட்டு மெஷினில் கோட்டை விட்டார்.

அவருடைய மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது எத்தனை நிமிடம் தாமதம் என்று காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை சொல்லும் குரல் அவளுடையது. ஓட்டுநர்கள் மைக்கம்மா என்பார்கள். பதினொன்றுக்கு வீட்டுக்கு வந்து, சமைத்து, சாப்பிட்டு, ஒரு மணிக்கு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் மையம் ஒன்றுக்கு அவள் வாசித்துக்கொடுத்தாள். சம்பளம் கிடையாது. “காலையில வாசிக்கிறது ஊருக்கு, மத்தியானம் வாசிக்கிறது எனக்கு” என்பாள்.

அவளுக்காக அந்த மெஷினைப் போர்டுக்காரர் தன் கையால் பாகம் பாகமாகக் கூட்டினார். வாடிக்கையாளர் ஒருவர் நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்த போர்டு கடையில் சும்மா கிடந்தது. ராமில் இரண்டு ஒரு பெட்டியில் வந்தவை, இரண்டு இன்னொரு பெட்டியில் மிஞ்சியவை. பட்டியலை அவர் பார்க்கவில்லை. நம் வீட்டுக்குத்தானே என்ற நினைப்பு. நான்கையும் செருகி, 3200 என்று எழுதியிருந்ததை 3800க்கு ஏற்றினார். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, ராம் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் காத்திருப்பு எண்களை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒரு மழைநாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். சோதனை ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. மூடி திறந்திருந்தது, ஃபேன் மூன்றும் முழு வேகத்தில் சுற்றின.

“என்னங்க, இவ்வளவு வேகம் எனக்கு எதுக்கு? நான் வாசிக்கிற வேகத்துலதானே அது ஓடணும்?”

“இந்த ஊர்லயே எந்த வீட்லயும் இவ்வளவு வேகமான மெஷின் கிடையாது. சும்மா வெச்சுக்கோ.”

“அப்போ அந்த ஃபேன் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க. மைக்குல காத்தடிக்கற மாதிரி கேக்குது.”

மூடியைத் திருகி மூடினார். ஃபேன்களைச் சத்தமே வராத அளவுக்கு மெதுவாக ஓட வைத்தார். தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்க அவள் ஜன்னலையும் சாத்திக்கொள்வாள், மின்விசிறியையும் நிறுத்திவிடுவாள். பகல் ஒரு மணி வெயிலில், மூடிய அறைக்குள், மூடிய பெட்டிக்குள், நான்கு ராமும் நெருக்கியடித்துக்கொண்டு கொதித்தன. திரும்ப ஒரு சோதனை ஓட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. ஒருமுறை பாஸ் ஆகிவிட்டதே.

ஏழெட்டு மாதம் கழித்து அவள் ஒருநாள் சொன்னாள்: “மெஷின் சில சமயம் எழுத்தை முழுங்குதுங்க.”

“மெஷின் எங்கயாவது எழுத்தை முழுங்குமா?”

“நான் இங்க கேட்டுட்டுத்தான் பென்டிரைவ்ல போட்டுக் குடுக்கறேன். நல்லாத்தான் இருக்கு. அங்க கேட்டா நடுநடுவுல வெட்டுதாம். டிக்குனு ஒரு சத்தம் வருதாம்.”

“பென்டிரைவ் மட்டமா இருக்கும்.”

புதிதாக ஒன்று வாங்கிவந்தார். கொஞ்ச நாள் கழித்து அவள் மறுபடி அதையே சொன்னபோது அவருக்குச் சுருக்கென்றது. அவர் கூட்டிய மெஷினைக் குறை சொல்வதா? “எனக்குத் தெரிஞ்சு அந்த மெஷின் தப்பு பண்ணாது. காலையில ஆறு மணி நேரம் கத்திட்டு வந்து மறுபடி உக்காந்தா நாக்கு குழறத்தான் செய்யும். கொஞ்சம் ஓய்வெடு” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

அடுத்த இரண்டு வருடமும் பதிவு செய்ததை எல்லாம் அவள் இரண்டு தடவை திரும்பக் கேட்டாள். சந்தேகப்பட்ட பக்கங்களை முழுதாக மறுபடி வாசித்தாள். சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போதும் உள்ளறைக் கதவு சாத்தியே இருக்கும். ஆர்வம் கூடிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை பேருந்து நிலைய அறையில் மைக்கின் முன்னால் அவள் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கண் திறக்கவில்லை.

அவள் போய் நாற்பது நாள் கழித்து மையத்தின் பொறுப்பாளர் அம்மா போன் செய்தார். தயங்கித் தயங்கிப் பேசினார். “உங்ககிட்ட இதைக் கேக்கறதுக்கே சங்கடமா இருக்கு. ஒரு சட்டப் புத்தகம் அவங்ககிட்ட இருந்தது. முடிச்சுட்டேன், கடைசி மூணு அத்தியாயம் மட்டும் திரும்பக் கேக்கணும்னு சொன்னாங்க. பசங்களுக்குப் பரீட்சை வருது…”

உள்ளறைக் கதவை அன்றுதான் திறந்தார். பத்தொன்பது மணி நேரப் பதிவு. தேதிவாரியாக, அத்தியாயவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். பென்டிரைவில் நகலெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான்கு நாளில் பதில் வந்தது. நாற்பத்து மூன்று இடத்தில் பிழை. முப்பதுக்கு மேல் போனால் புத்தகத்தை வேறொருவருக்குக் கொடுத்து முதலிலிருந்து வாசிக்க வைப்பது மையத்தின் விதி. “திங்கட்கிழமைவரைக்கும் நிறுத்தி வெக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல” என்றார் பொறுப்பாளர் அம்மா. பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்து, பிழைகள் இருக்கும் நேரங்களை ஒரு தாளில் அச்சடித்தும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகல். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் மூலப்பதிவை ஓடவிட்டார். முதல் இடம் சுத்தமாக இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. அவள் குரல் ஒரு பிசிறில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பென்டிரைவில் இருந்த நகலைப் போட்டார். அதே இடத்தில் ஒரு டிக். ஓர் எழுத்தைக் காணோம். சரி, நகலெடுத்ததில்தான் கோளாறு என்று மறுபடி ஒரு நகல் எடுத்தார். அதில் முதல் இடம் சரியாக இருந்தது. சரியாக இருந்த வேறோர் இடம் வெட்டியது.

ஒரே கோப்பு, இரண்டு நகல், வேறுவேறு இடத்தில் பிழை. கடைக்கு யாராவது இப்படி ஒரு கதையைக் கொண்டுவந்திருந்தால் அவர் அடுத்த நொடியே ராம் கோளாறு என்று சொல்லியிருப்பார். தனக்கென்று வந்தபோது முழுதாகப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும் வேறு ஏதாவது காரணம் அகப்படாதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். மூடியில் கை வைக்கவில்லை. அவள் வைத்திருந்தபடியே எல்லாவற்றையும் வைத்து, மெமரி சோதனையை ஓடவிட்டு, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் அரைமணி நேரம் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரமாயிற்று. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இந்தப் புழுக்கத்தில்தான் தினமும் உட்கார்ந்து வாசித்தாளா? ஒரு மணி இருபது நிமிடத்தில் திரையில் பிழை என்று ஒரு சிவப்பு வரி வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அவர் எழுந்திருக்கவில்லை. ஏழாவது வரி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார். நான்கு ராமில் இரண்டைக் கழற்றினார். மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேகத்தைத் தயாரித்தவர்கள் சொன்ன அளவுக்கு இறக்கி மறுபடி சோதித்தார், சுத்தம். புது நகல் எடுத்து, தாளில் இருந்த நாற்பத்து மூன்று இடத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். முப்பத்திரண்டு சரியாகிவிட்டன. பதினொன்று சரியாகவில்லை. அவை சேமிக்கும்போதே விழுந்த பிழைகள். பதினொன்றும் கடைசி மூன்று அத்தியாயங்களில் இருந்தன, அவள் திரும்பக் கேட்கக் கொடுத்துவைக்காத அத்தியாயங்களில்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் பிரிண்டர் மெக்கானிக்கிடம்தான் முதலில் சொன்னார். அவன் மை படிந்த கையைத் துணியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். கிண்டல் எதுவும் வரவில்லை.

“பதினொண்ணுதானே? முப்பதுக்குக் கீழ வந்துடுச்சுல்ல. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடு. போன தடவை பென்டிரைவ் சரியில்லைன்னு சொல்லிக்கலாம்.”

“அவ தப்பு பண்ணலைய்யா.”

“நீயும் வேணும்னேவா பண்ணே? ஏன்யா போய் வாயக் குடுத்து மாட்டிக்கற. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்கே அவதான் சொன்னா. ரெண்டு தடவை சொன்னா.”

மெக்கானிக் கடைக்குள் எட்டிப்பார்த்து, “நீ போய்ட்டு வா. ஆள் வந்தா நான் பார்த்துக்கறேன். போர்டு மட்டும் எதுவும் விக்க மாட்டேன், பயப்படாத” என்றான்.

மையத்தில் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பவருக்குக் கண் தெரியாது. அறுபதைத் தாண்டியவர். மூச்சு மாறினால்கூட நிறுத்திக் குறித்துவிடுவாராம். அங்கே அவருக்கு நூறுகாது சார் என்று பெயர். பொறுப்பாளர் அம்மா போர்டுக்காரரை அவர் அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார்.

போர்டுக்காரர் எதையும் மறைக்கவில்லை. நாலு ராம் போட்டதில் தொடங்கி, மூடி திறந்து செய்த சோதனை, ஃபேனைக் குறைத்தது, நாக்கு குழறுகிறது என்று அவளிடம் தான் சொன்னது வரைக்கும் ஒப்பித்தார். தொழில் சமாச்சாரம் பாதி புரிந்திருக்காது. ஆனால் நூறுகாது சார் நடுவில் குறுக்கிடவே இல்லை.

“அப்போ அவங்க அங்க கேக்கறப்ப நல்லா இருந்திருக்கு” என்றார் கடைசியில்.

“ஆமா சார்.”

“சத்தியம் பண்ணாங்க என்கிட்ட. நான் நம்பல.” மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டார். “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்ககிட்டருந்து பாடப்புத்தகத்தை நிறுத்தச்சொன்னதே நான்தான். கவனக்குறைவுன்னு குறிப்பு எழுதினேன். கதைப்புத்தகம் மட்டும் குடுங்கன்னேன். கதையில ஒரு எழுத்து போனா பரவால்ல, பாடத்துல போனா அர்த்தம் தலைகீழா ஆயிடும்ல. வீட்ல சொல்லலையா?”

“சொல்லல சார்.”

“இந்தச் சட்டப் புத்தகத்தை அவங்களாத்தான் வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. ஒரே ஒரு தடவை சான்ஸ் குடுங்க சார்னு. கதைப்புத்தகத்தை என் மேஜைமேல வெச்சுட்டு நின்னாங்க. இப்ப நடந்த மாதிரி இருக்கு.”

பொறுப்பாளர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பழைய குறிப்பை அடிச்சுடலாம் சார்” என்றார் பொறுப்பாளர் அம்மா, திரும்பாமலேயே.

“அடிக்க வேண்டாம். அதுக்குக் கீழ நடந்ததை எழுதுங்க. நான் சொல்றேன்.” பிறகு போர்டுக்காரர் இருந்த திசைக்கு முகத்தைக் கொண்டுவந்தார். “இந்தப் பதினொண்ணுக்கு என்ன பண்றது? விதிப்படி இப்படியே எடுத்துக்கலாம். ஆனா படிக்கிற பையன் அவங்களைத்தான் திட்டுவான்.”

“அதே வார்த்தையை வேற பக்கத்துல சொல்லியிருப்பாங்கல்ல, அதை வெட்டி இங்க ஒட்டினா?” என்றார் பொறுப்பாளர் அம்மா.

“வேணாம். ஒரு கேள்வில சொன்ன வார்த்தையைக் கொண்டுவந்து பதில்ல வெச்சா கேக்கறவனுக்குத் தெரிஞ்சுடும். அது அவங்க சொன்னதும் ஆகாது.”

போர்டுக்காரருக்கு வார்த்தை தானாக வந்துவிட்டது. “நான் வாசிக்கறேன் சார்.”

“நீங்களா? வாசிச்சுப் பழக்கமா?”

“இல்ல. வேற குரல்னு தெரியட்டும். தெரியணும். முன்னாடி ஒரு வரியும் போடுங்க, வாசிச்சவங்க தப்பு இல்ல, மெஷினைக் கூட்டினவன் தப்புன்னு.”

“இப்படி எந்தப் புத்தகத்துலயும் யாரும் போட்டதில்ல.”

“போடுங்க சார்.”

நூறுகாது சார் யோசித்தார். பிறகு எழுந்து, சுவரைத் தொட்டபடியே நடந்து, பதிவு அறையின் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே மைக்குக்கு முன்னால் போர்டுக்காரர் உட்கார்ந்தார். கடையில் நாள் முழுக்கப் பேசுகிற மனிதர்; மூன்று வார்த்தை சேர்ந்தாற்போல் வரவில்லை. அவருக்கு முன்னால், வீட்டிலிருந்து கொண்டுவந்த அவளுடைய புத்தகம் விரிந்திருந்தது. எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்று ஓரத்தில் அவள் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நூறுகாது சாரின் குரல் வந்தது.

“கடையில விலை சொல்ற மாதிரி சொல்றீங்க. மறுபடி.”

மறுபடி சொன்னார்.

“இப்போ அழற மாதிரி இருக்கு. அழறது பாடத்துல இல்ல. மறுபடி.”

முதல் வார்த்தைக்கு மட்டும் ஒன்பது தடவை ஆயிற்று. நான்காவதிலிருந்து சற்று இறங்கி வந்தது. அவளுடைய பென்சில் கோட்டைப் பார்த்து அவள் மூச்சு விட்ட இடத்தில் அவரும் விட்டார். பதினொன்றும் முடிய ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. அதில் ஒரு தடவைகூட நூறுகாது சார் சலித்துக்கொள்ளவில்லை. “அவங்களுக்கு ஒரே தடவைல வந்துடும்” என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

முன்னால் போட வேண்டிய வரியை வாசிக்கும்போது அவர் திணறவில்லை. அதை நேற்றே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார்.

பொறுப்பாளர் அம்மா பதிவேட்டை எடுத்தார். வாசித்தவர் என்ற கட்டத்தில் மனைவியின் பெயர் ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் உங்கள் பெயரையும் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார். குறிப்பு என்ற கட்டத்தில் எழுதச்சொன்னார்.

சேர்த்ததை நூறுகாது சார் ஒருமுறை ஓடவிட்டார். மூன்று பேரும் நின்றபடியே கேட்டார்கள். பதினெட்டாவது அத்தியாயம். ஒப்பந்தம் எப்போது முறிந்ததாகக் கொள்ளப்படும் என்று அவள் விளக்கிக்கொண்டு போனாள். பேருந்து நிலையத்தில் நடைமேடை எண் சொல்லும் அதே நிதானம், அவசரமே இல்லாத குரல். நடுவில் ஒரே ஒரு வார்த்தை அவர் குரலில் வந்தது. கரகரப்பாக, கொஞ்சம் தாழ்ந்து. வேறு ஆள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அது முடிந்ததோ இல்லையோ, அவள் நிற்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.